முப்பதில் வந்த ரொட்டி வேன்

கடைத்தெருவில் ஐம்பது என்றிருந்த வேகப் பலகைகளைக் கழற்றி முப்பது என்று மாட்டிய நாளிலிருந்து ரொட்டி வேன் ஓட்டும் மாப்பிள்ளைக்குத் தலைவலிதான். வேன் மச்சானுடையது. பேக்கரியும், கடைத்தெருவில் ரொட்டி விற்கும் கடையும் மச்சானுடையவை. மனைவியின் அண்ணனிடம் வேலை பார்ப்பதைவிடச் சிங்கத்துக்குப் பல் தேய்த்துவிடலாம் என்பது அவர் கருத்து. அதை வீட்டில் சொல்லும் தைரியம்தான் வரவில்லை.

மச்சானுக்கு முப்பது என்ற எண்ணைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அன்று காலை, வேன் கிளம்பும்போதே போனில் கத்தினார்.

"பலகை மாட்டினவன் என்னிக்காவது ரொட்டி வித்திருக்கானா மாப்பிள்ளை? அறுபதுல அடிச்சு வா. இன்னிக்கும் லேட்டாச்சுன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ!"

மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். வேலை போனால் குடும்பம் என்ன ஆகும்? ஆனால் தெருவெங்கும் கேமராக்கள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தன. ஆனது ஆகட்டும் என்று முப்பதிலேயே உருட்டிக்கொண்டு வந்தார். போன் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை.

கடை வாசலில் மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. போனைக் காதில் வைத்தபடியே, வேன் வருகிறதா என்று எட்டிப் பார்க்க, நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து தெருவில் இறங்கினார். வேன் வந்தது. நேராக அவர் மேலேயே வந்தது.

மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தி மிதித்தார். பன் தட்டுகள் கடகடவென்று சரிந்தன. நிற்கப் போகிற நேரத்தில் வேன் மச்சானை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் நின்றது.

இறங்கி ஓடினார். கீழே கிடந்தவரிடம் சத்தமே இல்லை. இத்தனை வருஷத்தில் மச்சான் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. வீட்டில் இவர் தங்கச்சியிடம் போய் என்ன சொல்வது?

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு, தடிமாடு!"

பம்பருக்குக் கீழிருந்து ஆரம்பித்த வசவில் தெருவே கூடிவிட்டது. மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதார். "திட்டுங்க மச்சான், நல்லாத் திட்டுங்க!"

ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மா, வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டார். முப்பது என்றார் மாப்பிள்ளை.

"பழைய ஐம்பதுல வந்திருந்தா இவர் பிழைச்சிருப்பாரான்னே சந்தேகம். பலகை மாத்தினதுலேர்ந்து அந்தத் தெருவுல அடிபட்டு வர்றவங்களே கம்மி. வர்றவங்களும் பேசிக்கிட்டே வர்றாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மச்சான் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எவ்வளவுல வரச் சொன்னேன்?"

"அறுபது."

"நல்லவேளை, என் பேச்சை நீ கேக்கல." மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளைக்கும் கேட்டுத் தொலைக்காதே."