குளிராத சாக்லேட்

மாமனார் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை.

"மெஷின் பொய் சொல்லுமா மாமா? சர்க்கரை இப்படியே ஏறினா ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டார். இனிப்பை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவருடைய அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக வயிறு வேறு அவரைக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக அலைக்கழித்திருந்தது.

"நீ கொடுத்த சாக்லேட்டைத் தவிர வேற எதையும் தொடலைம்மா. ஆசை தீர சாப்பிடுங்க மாமான்னு நீதானே சொன்னே?"

"நான் செஞ்சது சர்க்கரையை ஏத்தாது. என் மேல பழியைப் போடாதீங்க."

அவர் சாக்லேட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். தங்கள் சாக்லேட் தொழிற்சாலையில் நாளெல்லாம் சுவை பார்த்து நாக்கு அலுத்தவள் அவள். வீட்டில் ஒரு துண்டுகூடத் தொடமாட்டாள். இப்போது வீம்புக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

கரைந்தது. இனித்தது. குளிரவில்லை.

அவளுடைய கலவை எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பில் செய்தது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் கரையும்போது நாக்கில் சில்லென்று படரும். அந்தக் குளிர்ச்சியைக் குறைக்க அவள் தலைகீழாக நின்றும் முழுசாகப் போகவில்லை. இதில் அது மருந்துக்கும் இல்லை. அப்படியானால் இதில் இருப்பது மால்டிட்டால் என்ற வேறொரு மாற்று இனிப்பு. அது சர்க்கரையை ஏற்றும், கொஞ்சம் கூடினால் வயிற்றையும் கலக்கும்.

அலமாரிக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. டப்பாவை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குக் கிளம்பினாள்.

பேக்கிங் கூடத்தில் கணவன் வண்டியில் பெட்டிகளை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தான். கலவை அவள் பொறுப்பு, தயாரிப்பு அவன் பொறுப்பு. கல்யாணத்தின்போதே பிரித்துக்கொண்டது அது.

"அடடே, மகாராணி இன்னிக்கு சீக்கிரமே வந்தாச்சு!"

"இனிப்பு மூட்டையை எப்போ மாத்தினீங்க?"

"எந்த மூட்டை?"

"நடிக்காதீங்க. உங்களுக்கு அது வராது."

அவன் தலையைச் சொறிந்தான். "பேஸ்ட் தின்ன மாதிரி குளிருதுன்னு கடைக்காரங்க திருப்பி அனுப்புறாங்க. உன்கிட்ட சொன்னா மறுபடி ஆராய்ச்சின்னு உட்கார்ந்துடுவே. ரெண்டும் ஒரே வகை மாற்று இனிப்புதானே? அண்ணன் தம்பி மாதிரி."

"உங்க தம்பியை நம்பி வண்டிச் சாவியைக் கொடுப்பீங்களா?"

ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

"அட்டையில இன்னும் என் கலவையைத்தானே போட்டிருக்கு?"

"பழைய அட்டை தீரட்டும்னு..."

"அந்த அட்டையை நம்பித்தான் உங்கப்பா தின்னாரு. உடம்புல சர்க்கரை எங்கயோ போய் நிக்குது."

அவன் முகம் வெளிறியது. "ஐயோ, அப்பாவுக்கு ஏன் இதைக் கொடுத்தே? புதுசை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதேன்னு சொல்ல நினைச்சேன், மறந்துட்டேன்."

அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெடித்தது.

"அப்போ ஊரான் வீட்டு அப்பா தின்னா பரவாயில்லையா? உனக்குத் தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சேதான் ஏத்தி அனுப்பியிருக்கே!"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'நீ' வந்தது. கூடத்தில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. அவள் கைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, மாமனாரை அழைத்தாள்.

"மாமா, நீங்க ஒண்ணுமே ஒளிச்சு வைக்கலை. சாக்லேட்தான் தப்பு. உங்களைத் திருடனாக்கினேன், என்னை மன்னிச்சிடுங்க. ஏன்னு உங்க பிள்ளை சொல்லுவார்."

கைபேசியை அவன் முன்னால் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"டேய், காலையில சாப்பிடாமலே போயிட்டியாமே?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"அப்பா... அட்டையில ஒண்ணு போட்டு உள்ள வேற வச்சேன்ப்பா. நான்தான்." பிறகு வண்டிப் பக்கம் திரும்பினான். "எல்லாத்தையும் இறக்குங்க."

"கடைக்குப் போனது?" என்றாள் அவள்.

"திரும்ப வாங்கிடறேன். நீ வீட்டுக்குப் போ, அப்பாவைப் பாரு."

"முதல்ல போன் போடுங்க. நான் கேட்கணும்."

முதல் கடைக்காரரிடம் அவன் தட்டுத்தடுமாறி உண்மையைச் சொல்லி முடிக்கும்வரை, டப்பாவை இடுப்போடு அணைத்தபடி அவள் அங்கேயே நின்றாள்.