மூன்று முழம்

வும்பினியைப் புதைத்த ஏழாம் நாளிலிருந்து அவள் அப்பா நாபாரியும் அம்மா ரஹினாத்தும் ஒருவரையொருவர் மூன்று முழத்துக்குள் நெருங்க முடியாமல் போனது. அன்று காலை ரஹினாத்து களிக் கிண்ணத்தை நீட்டினாள். அவன் வாங்க வந்தான். நடுவில் எதுவும் இல்லை. ஆனாலும் அவள் நின்ற நிலையிலேயே பின்னால் சறுக்கிப் போய்த் தகரச் சுவரில் முட்டினாள். அவள் கால்கள் இழுபட்ட இரண்டு கோடுகள் மழை வரும்வரை தரையில் இருந்தன.

அக்ராவில் கழிமுகத்தை ஒட்டிய காயலான் திடலில் இருவருக்கும் ஒரே வேலை. உடைத்த ஸ்பீக்கரின் வளையக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கம்பி எரித்த சாம்பலில் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். ஒட்டும் ஆணியையும் திருகையும் உருவிச் சாக்கில் போடுவார்கள். வும்பினிக்கு மூன்று வயது. ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அன்று இரண்டு லாரி நிறையப் பழைய டிவிப் பெட்டிகள் வந்து இறங்கின. இழுத்து முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவன் சொன்னான். முடித்துவிட்டே போகலாம் என்று ரஹினாத்தும் சொன்னாள். முடித்துத் திரும்பியபோது காய்ச்சல் இல்லை. மூச்சும் இல்லை.

திடலில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து நாபாரியைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார்கள். அவன் பக்கவாட்டில் வழுக்கி ஒரு வெங்காய வண்டியைக் கவிழ்த்தான். பள்ளிவாசல் ஆசிரியர் பலகையில் வசனம் எழுதி, அதைக் கழுவிய மைத்தண்ணீரை இருவருக்கும் குடிக்கக் கொடுத்தார். நாபாரிக்கு நெடுநாளாக இருந்த வயிற்றுவலி நின்றது. இடைவெளி ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

ஸ்பீக்கர் உடைக்கும் செலோர்ம்தான் விஷயத்தைப் புரியவைத்தவன். ஒரு குச்சியைத் தரையில் ஊன்றி வளையக் காந்தம் ஒன்றை மாட்டினான். அதன்மேல் இன்னொன்றைப் போட்டான். அது கீழே வரவில்லை. நான்கு விரற்கடை உயரத்தில் அந்தரத்தில் நின்று ஆடியது. விரலால் அழுத்தினான். விட்டதும் எழும்பியது.

"இது நீ. இது உம் பொண்டாட்டி."

"கீழ கெடக்குறது யாரு?" என்றாள் ரஹினாத்து, மூன்று முழம் தள்ளி நின்று.

"சண்டை வேணாம் அண்ணி, நீங்களே மேல இருங்க. ரெண்டும் ஒரே முகத்தக் காட்டுது. அதான் தள்ளுது." மேல் வளையத்தைக் கழற்றிப் புரட்டி மாட்டினான். அது டொப்பென்று விழுந்து ஒட்டியதில் அவன் விரல் நசுங்கியது. அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். "பாத்தீங்கல்ல? ஒருத்தர் முதுகக் காட்டணும். அம்புட்டுதான்."

"யாரு?" என்றான் நாபாரி.

"அத என்கிட்ட கேக்குற? காந்தத்துக்கு ரோசம் கெடையாதுடா."

ரஹினாத்து குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெருப்புல போட்டா?"

"செத்துரும். அப்புறம் தள்ளாது."

"ஒட்டுமா?"

"ஒட்டாது. வெறுங்கல்லு."

"அப்ப வேணாம். தள்ளுறதாவது இருக்கட்டும்."

பதினொரு மாதம் யாரும் முதுகைக் காட்டவில்லை. வும்பினிக்காக இருவரும் இன்னும் அழுதிருக்கவில்லை. அவன் தோளைப் பிடித்து, அவன் முகத்தைப் பார்த்து, நானும்தானே சொன்னேன் என்று அழ வேண்டும் என்பது ரஹினாத்தின் விருப்பம். நாபாரியும் அதையே விரும்பினான். ஆகவே தினமும் நேருக்கு நேர் நின்றார்கள். தினமும் சறுக்கினார்கள். ஜூன் மழையில் ஒருநாள் கதவு அடித்துக்கொண்டது. நாபாரி மறந்துபோய்க் கதவைச் சாத்தத் திரும்பினான். ரஹினாத்து அறையின் மறுகோடியிலிருந்து பறந்து வந்து அவன் முதுகில் மோதினாள். அவனுக்குக் கதவில் இடித்து ஒரு பல் உடைந்தது. சத்தம் வெங்காயச் சந்தைவரை கேட்டது. அவள் நெற்றி அவன் பிடரியில் ஒட்டியிருந்தது. அவள் அழுதாள். அவன் கதவைப் பார்த்து அழுதான். ஒருவர் அழுவதை மற்றவர் பார்க்கவில்லை.

அதற்குப் பின் ஒன்பது வருடம். பார்த்தால் தொட முடியாது, தொட்டால் பார்க்க முடியாது. இன்னொரு குழந்தைக்கு வழியில்லை. ஒட்டியவர்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது, பக்கவாட்டில் நழுவவிட வேண்டும் என்று செலோர்ம் சொல்லிக்கொடுத்திருந்தான். இரவில் அவன் முதுகைக் காட்டுவான், அவள் ஒட்டிக்கொள்வாள். காலையில் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நழுவி இறங்கி வேலைக்குப் போவாள். அவள் அவன் பிடரியோடு பேசுவது தகரத்துக்கு அப்பால் கேட்கும்.

"நீதான் மொதல்ல சொன்ன."

"நீயும்தான் சொன்ன."

"நான் ரெண்டாவதாத்தான் சொன்னேன்."

"அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியுமா, ரஹி?"

செலோர்ம் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். ரஹினாத்து முதுகில் இருக்கும்போது நாபாரி அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். அவள் கண்களை மூடியிருந்தாள். அவன் மறுபடி பார்க்கவில்லை.

பத்தாம் வருடம் புகை நெஞ்சை அடைத்து அவள் போனாள். பெண்கள் குளிப்பாட்டி, துணியால் முகம் மூடுமுன் அவனைக் கூப்பிட்டார்கள். நெற்றியைத் தொட அவன் குனிந்தான். அவளைக் கிடத்தியிருந்த பலகை சறுக்கிப் போய்ச் சுவரில் நின்றது. அவன் இன்னும் ஓர் அடி வைத்தான். சுவர்த் தகரம் வளைந்தது. "போதும்ணே," என்றாள் ஒருத்தி. "வீடு போயிரும்." அவன் வெளியே வந்தான்.

இரண்டு வருடம் கழித்து அவனும் போனான். அந்த மையவாடியில் எல்லோரும் வலப்பக்கம் சாய்ந்து, அந்த ஊரில் தொழும் திசையான கிழக்கைப் பார்த்துத்தான் படுப்பார்கள். நாபாரிக்கு அவளுக்குக் கிழக்கே இடம் கிடைத்தது. அவள் முகத்துக்கு நேராக அவன் முதுகு. குழிவெட்டி விவரம் தெரிந்தவன், நடுவில் மூன்று முழம் விட்டிருந்தான். மூன்று மழைக்காலத்தில் அந்த இடைவெளி மூடிக்கொண்டது. அவனுக்குக் கிழக்கே ஒரு குழிக்கு இடம் மிஞ்சியது. அதில் ஒரு வெங்காய வியாபாரியைப் புதைத்தார்கள். குழந்தைகளின் வரிசை மதிலோரம். வும்பினியின் மேடு நகரவில்லை.