பன்னிரண்டு மணிக்கு மூன்று பேர்

அந்த அலுவலகத்தில் ஒரு வாய் டீ குடிக்க வேண்டுமென்றால் முதலில் சாக்பீஸைத் தேட வேண்டும். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு கரும்பலகை. கெட்டில், பிரிண்டர், புரொஜெக்டர், இஸ்திரிப்பெட்டி என்று மின்சாரத்தைக் கொஞ்சம் கனமாக இழுக்கிற எதைப் போடுவதானாலும் அதில் எழுதியாக வேண்டும்: யார், எது, எத்தனை மணிக்கு. கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகளும் கீழறைப் பேட்டரிகளும் மூன்று கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. தாண்டினால் இன்வெர்ட்டர் நாலு தடவை கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அறுபத்திரண்டு கிராமங்களுக்கு வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுக்கிற திட்டத்தின் தலைமை அலுவலகம், தனக்கு மட்டும் வெளியே கரண்டு வாங்கினால் யாராவது மதிப்பார்களா? அதனால் வாங்குவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார்கள். நல்ல கொள்கைதான். கொள்கை வியர்க்காது, மனிதர்களுக்குத்தான் வியர்க்கும்.

பலகையில் நாலாவதாக ஒரு கட்டமும் உண்டு. அனுமதி. அதில் எப்போதும் ஒரே கையெழுத்துதான் இருக்கும், திட்ட ஒருங்கிணைப்பாளருடையது. அவளுக்கு வயது நாற்பத்து நாலு. அலுவலகத்தில் எல்லோரும் நேரில் அக்கா என்பார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் சுவிட்ச் அக்கா. அது அவளுக்கும் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை.

பதினோரு மாதங்களுக்கு முன் மூத்த மேலாண்மை ஆலோசகர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் போன அதே வாரத்தில் இன்வெர்ட்டர் இரண்டு முறை படுத்தது. அன்று கோபத்தில் அவள் போட்ட கோடுதான் அந்த நாலாவது கட்டம். பலகையில் மட்டுமா? கிராமங்களிலிருந்து வரும் பழுதுச் சீட்டு, ஊழியர் விடுப்பு, வண்டி வெளியே போவது, உதிரிபாகம் உள்ளே வருவது என்று எல்லாமே அவள் மேசைக்கு வந்து சேர்ந்தன. ஆலோசகர் வரும்வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஆலோசகர் வருகிற வழியாக இல்லை. வீட்டுக்குப் போக ஒன்பதாகும், ஒன்பதரையாகும். கதவைத் திறக்கும் கணவர், கைக்கடிகாரக் கடை வைத்திருப்பவர், கோபப்பட மாட்டார். கோபப்பட்டாலாவது பரவாயில்லை. “வாங்க, வாங்க. விருந்தாளி வந்தாச்சு” என்பார் சிரித்துக்கொண்டே. மகளும் கூடச் சிரிப்பாள். அவளும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

இன்று நேர்காணல். இதுதான் கடைசி வாய்ப்பு. இந்த மாதத்துக்குள் ஆளைத் தேர்வு செய்யாவிட்டால் அந்தப் பதவியையே ரத்து செய்துவிடுவதாக நிதி கொடுக்கும் நிறுவனம் எழுதியிருந்தது. ரத்தானால் அடுத்த மூன்று வருடமும் இரண்டு பேர் வேலை அவள் தலையில்தான். மகள் பள்ளியையே முடித்துவிடுவாள். காலையில் செருப்பை மாட்டும்போது, “இன்னைக்கு ஆளை எடுத்துடுவோம். அடுத்த மாசத்துல இருந்து அஞ்சு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன், பாரு” என்றாள். “பார்க்கத்தானே போறேன்” என்றாள் மகள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வேர்த்துக் கொட்டுகிற புழுக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கினார். அவர் உள்ளே வந்து உட்கார்வதற்குள் தோளில் பையும் கையில் தடித்த ஆராய்ச்சிப் புத்தகமுமாகக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னாலேயே, கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். மூன்று பேரிடமும் கடிதம் இருந்தது. மூன்றிலும் பன்னிரண்டு மணி.

ஒருங்கிணைப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடந்தது இதுதான். விண்ணப்பங்களைப் பிரித்துக் கணக்கர், டெக்னீஷியன், பண்டகக் காப்பாளர் என்று ஆளுக்கொன்று கொடுத்து, “நீங்க பார்த்த ஆளுக்கு நீங்களே லெட்டர் அடிச்சுடுங்க” என்று சொல்லியிருந்தாள். அந்த அலுவலகத்தில் முக்கியமான வேலை எதுவானாலும் வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் வைப்பார்கள். அப்போதுதான் பேட்டரிக்குப் பயப்பட வேண்டாம். நேர்காணலைவிட முக்கியமான வேலை ஏது? மூன்று பேரும் தனித்தனியே யோசித்து, தனித்தனியே பன்னிரண்டு என்று அடித்துவிட்டார்கள். கூடிப் பேசியிருந்தால்கூட இவ்வளவு ஒற்றுமை வந்திருக்காது.

“லெட்டர்ல கையெழுத்து போட்டது யாரு?” என்று பற்களுக்கிடையில் கேட்டாள்.

கணக்கர் தலையைச் சொறிந்தார். “நீங்கதான் அக்கா. மூணுலயும்.”



பட்ட காலிலேயே படும் என்பது போல வானத்தில் மேகம் வேறு. ஏற்கெனவே இரண்டு நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்ததில் பேட்டரி பாதிகூட நிறையவில்லை. அது தெரிந்தும், வந்தவர்களுக்கு டீ வேண்டுமே என்று கெட்டிலுக்கு அனுமதி கொடுத்திருந்தாள். மதிப்பெண் தாள் அடிக்கப் பிரிண்டருக்குக் கொடுத்திருந்தாள். கோட்டுக்காரர் படம் காட்ட வேண்டும் என்றதும் புரொஜெக்டருக்கும் போட்டாள் ஒரு கையெழுத்து. பன்னிரண்டு பத்துக்கு இன்வெர்ட்டர் நாலு தடவை கத்தியது. மின்விசிறிகள் தயங்கித் தயங்கி நின்றன.

“இங்கேயே கரண்டு இல்லையா?” என்றார் கோட்டுக்காரர், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு. கேள்வியில் தப்பில்லை. கேட்ட விதம்தான் அவளுக்குச் சுருக்கென்றது.

டெக்னீஷியனோடு கீழறைக்கு ஓடி, ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிச் சுமையைக் குறைத்து, மறுபடி கிளப்பிவிட்டு மேலே வர இருபது நிமிடமானது. வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வாசகங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். வந்து பார்த்தால் காத்திருப்பறையில் ஆளே இல்லை.  போய்விட்டார்களா?

போகவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் காற்று வரும் இடமாகப் பார்த்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியரும் கோட்டுக்காரரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்த அம்மாள் எழுந்து வந்தார்.

“மேடம், நாங்களே ஒரு வரிசை போட்டுக்கிட்டோம், உங்களுக்குச் சரின்னா. பேராசிரியர் சாருக்கு ஒன்றரைக்கு பஸ். அதை விட்டா அவருக்கு சாயங்காலம்தான். அதனால அவர் முதல்ல. இந்த சார் கார்ல வந்திருக்கார். அவசரமில்லை; படம் வேற காட்டணும், வெயில் திரும்பட்டும். நான் கடைசியா வர்றேன். எனக்கு பஸ் இருந்துக்கிட்டே இருக்கும்.”

“சரிங்க,” என்றாள் ஒருங்கிணைப்பாளர். ரொம்ப நாளாக அந்த ஒரு வார்த்தையோடு அவளுக்கு எந்த வேலையும் முடிந்ததில்லை.

நேர்காணல் குழுவில் மூன்று பேர். நிர்வாகக் குழுத் தலைவர், அதிகம் பேசாத ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. நிதி நிறுவனத்திலிருந்து வந்த பார்வையாளர், சட்டதிட்டங்களைக் கரைத்துக் குடித்த பெண்மணி. மூன்றாவது இவள். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் தேர்வு.

பேராசிரியர் சூரிய ஒளி உண்டாவதிலிருந்து ஆரம்பித்தார். அது பூமிக்கு வந்து சேர்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கோட்டுக்காரர் ஐம்பத்தெட்டு படம் காட்டினார். அம்புக்குறிகள், வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டங்கள். பார்வையாளர் மளமளவென்று குறிப்பெடுத்தார். ஒரு படத்திலாவது ஒரு ஆள் இருக்கிறாரா என்று ஒருங்கிணைப்பாளர் தேடிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் மனிதர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. படித்தவர், பெரிய இடங்களில் இருந்தவர். இவரையே எடுத்துவிட்டால் அஞ்சு மணிக்கு வீடு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக அந்த அம்மாள் வந்தார். இருபத்து மூன்று வருடம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர். எழுபது கிராமங்களின் பால் கொள்முதலைப் பார்த்துக்கொண்ட மேலாளர்.

“மின்சாரத் துறையில உங்களுக்கு அனுபவமே இல்லையே?” என்றார் பார்வையாளர்.

“இல்லைங்க. ஒளிக்க ஒண்ணுமில்லை.”

“அப்புறம் எப்படி? எங்க கிராமங்கள்ல பெரிய பிரச்சினையே, சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல எல்லாத்தையும் போடுறாங்க. மொத்த ஊரும் இருட்டாகிடுது. நீங்க என்ன செய்வீங்க?”

அம்மாள் சற்று யோசித்தார். “மாடு எல்லாம் ஒரே நேரத்துலதான் பால் கொடுக்கும். அதுகிட்டப் போய் விதி பேச முடியாது. எல்லாப் பாலும் ஒண்ணா வந்தா குளிர்பதனத் தொட்டி தாங்காது, கெட்டுப்போகும். முதல்ல நாங்களும் தலைமை ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு எந்த ஊர் எப்போன்னு எழுதிக் கொடுத்தோம். ஒரு மாசம்கூட ஓடல. அப்புறம் தொட்டி எவ்வளவு தாங்கும்னு அளவை மட்டும் எழுதி ஊர்ல மாட்டிட்டு வந்துட்டோம். யார் முன்னால, யார் பின்னாலன்னு அவங்களே பேசிக்கிட்டாங்க. சண்டை வந்துச்சு. மூணு வாரம். அப்புறம் சரியாயிடுச்சு.”

தலைவர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மாள் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். “ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

இப்படிக் கேட்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளும்படியாகத்தான் சொல்வார்கள். “சொல்லுங்க,” என்றாள்.

“வெளியில இருந்த நேரத்துல உங்க பலகையைப் படிச்சேன். நல்ல ஏற்பாடு. நேரம் எழுதியிருக்கு, ஆள் எழுதியிருக்கு. எவ்வளவு இழுக்கும்னு மட்டும் எங்கேயும் எழுதலை. அது உங்க மனசுல இருக்கு போல. அதனால எல்லாத்துக்கும் நீங்களே வரணும். இன்னைக்கு டென்ஷன்ல நீங்க கூட்டிப் பார்க்க மறந்தீங்க, அணைஞ்சிடுச்சு. அங்க நின்ன உங்க ஊழியர் அஞ்சு பேருக்கும் கூட்டத் தெரியும் மேடம். நீங்க கையெழுத்து போட்டுட்டீங்களேன்னு ஒருத்தரும் கூட்டலை.”

 தலைவர் தேவையில்லாமல் இருமினார். ஒருங்கிணைப்பாளருக்குக் காது மடல் சுட்டது. பதினோரு மாதமாக நாயாய் உழைத்தவளிடம், வேலை கேட்டு வந்த அம்மாள் சொல்கிற பேச்சா இது? “நன்றிங்க. வெளியில காத்திருங்க,” என்றாள். குரல் அவளுக்கே கரகரப்பாகக் கேட்டது.

கதவு மூடியதும் பார்வையாளர் தாளைத் தட்டினார். “என் தேர்வு இரண்டாவது ஆள். இந்த அம்மா கெட்டிக்காரங்கதான். ஆனா அனுபவம் வேற.” தலைவர், “எனக்கு இந்த அம்மாதான்” என்றார். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“ரெண்டு நிமிஷம்,” என்று எழுந்து வெளியே வந்தாள். பலகைமுன் நின்றாள். காலையிலிருந்து எழுதியதை எண்ணினாள். பதினேழு வரி, பதினேழு கையெழுத்து. கடைசி மூன்று கெட்டில், பிரிண்டர், புரொஜெக்டர். மனதுக்குள் கூட்டினாள். மேகம் போட்ட நாளில் அது எப்படித் தாங்கும்? அந்த மூன்று கடிதங்களும் நினைவுக்கு வந்தன. படிக்காமல் போட்ட கையெழுத்து. அவள் வீட்டுக்குப் போக முடியாததற்கு ஆலோசகர் இல்லாததுதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்; காரணம் இந்தக் கட்டம். கோட்டுக்காரர் வந்தாலும் அவரிடமும் இவள் தாள்களை நீட்டுவாள், அவர் கையெழுத்துக்குத் திருப்பித் தருவார், இவள் மறுபடி கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். மணி மட்டும் ஒன்பதாகும். வலித்தது. வலித்த அளவுக்கு நிம்மதியாகவும் இருந்தது. எங்கே வலிக்கிறது என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டதே.

உள்ளே போய் மூன்றாவது பெயருக்கு எதிரே முழு மதிப்பெண் போட்டாள்.

பார்வையாளர் ஆச்சரியப்பட்டார். “உங்களைத்தானே அவங்க குத்தம் சொன்னாங்க?”

“ஆமா மேடம். பதினோரு மாசத்துல வேற யாரும் சொல்லலை.” வேலை விளம்பரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “அனுபவம்னு கேட்டீங்களே. ‘மின்சாரம் அல்லது அதற்கு இணையான கிராமப்புறச் சேவை’ன்னுதான் போட்டிருக்கோம். இதுலயும் உங்க நிறுவனம் சார்பா நீங்க போட்ட கையெழுத்து இருக்கு.”

பார்வையாளர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தேவிட்டார். “நானும் படிக்காமத்தான் போட்டேன் போல,” என்று தன் மதிப்பெண்ணைத் திருத்தினார்.

நாலு மணிக்கு அந்த அம்மாள் நியமனக் கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார். ஒருங்கிணைப்பாளர் ஈரத்துணியை எடுத்து வந்தாள். டெக்னீஷியன் பதறினார். “அக்கா, அழிக்காதீங்க, இன்னைக்கு ரெக்கார்டு!” அவள் நாலாவது கட்டத்தின் தலைப்பை மட்டும் அழித்தாள். ‘அனுமதி’ இருந்த இடத்தில் ‘எத்தனை வாட்’ என்று எழுதினாள். கீழே, கொட்டை எழுத்தில்: மொத்தம் மூவாயிரம், மேகம் என்றால் பாதி. சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

கடையை மகளிடம் விட்டுவிட்டு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த கணவர், அஞ்சேகாலுக்குக் கதவைத் திறந்து திகைத்துப் போனார். “என்ன? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். ஆளை எடுத்தாச்சு.”

“அடுத்த மாசம்னு சொன்னே?”

“அடுத்த மாசம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?”

சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியைத் தேடினாள். அது இருந்த இடத்தில்தான் இருந்தது. மேலே இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, மகளின் பழைய நோட்டுகள், ஒரு பை நிறையப் பழுதான கடிகாரங்கள். யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை; காலியாக இருந்த இடத்தில் சாமான் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.  கணவரும் கடிகாரப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடையைப் பூட்டிவிட்டு வந்த மகள், வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு, “விருந்தாளியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

அப்போது கைப்பேசி அடித்தது. டெக்னீஷியன். “அக்கா, நாளைக்குக் கிராமத்துக்குப் போற பட்டியல் அடிக்கணும். பிரிண்டர் போடலாமா?”

அவள் வாய் திறந்தது. பழக்கதோஷம். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பலகையில என்ன எழுதியிருக்கு?”

 மறுமுனையில் முணுமுணுப்பாகக் கூட்டுவது கேட்டது. “இடம் இருக்கு அக்கா.”

“அப்புறம் என்னை எதுக்குக் கேட்கறீங்க?” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். “தட்டு எடுத்துட்டு வா,” என்றாள் மகளிடம். “மூணு.”