ஆறாவது நாற்காலி

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே கணினி மொழிக்காக உழைத்தார்கள். சம்பளம் கிடையாது. எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து வளர்க்கும் இலவச மொழி அது. அண்ணி அதன் அடிப்படை நிரலிலேயே கை வைப்பவள். யார் என்ன எழுதி அனுப்பினாலும் ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தள்ளுவாள் என்பதால் அங்கே அவளுக்குக் கத்தரி என்று பெயர். நாத்தனார் புதியவர்களுக்கான விளக்கப் பக்கங்களை எழுதினாள். அவளுக்கு அங்கே பெயரே இல்லை. கத்தரியின் நாத்தனார், அவ்வளவுதான்.

அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. "நீ எழுதறது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது படிக்கத்தான், நிரல் மாதிரி ஓடாது" என்று அண்ணி எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னதை அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

மொழியை நடத்தும் குழுவில் ஐந்து நாற்காலிகள். ஐந்திலும் ஆண்கள். இது என்ன நியாயம் என்று புதியவர்கள் கேட்கக் கேட்க, சண்டை முற்றி நாறிப்போனது. கடைசியில் மொழியைப் படைத்தவர், எல்லோருக்கும் அவர் பெரியப்பா, ஒரு சனிக்கிழமை வீடியோ கூட்டத்தில் வழி சொன்னார்: பெண்களுக்கென்று ஆறாவதாக ஒரு நாற்காலி.

கைதட்டல் ஓய்வதற்குள் கத்தரி மைக்கைத் திறந்தாள். "எனக்குத் தனி நாற்காலி வேண்டாம் பெரியப்பா. இருக்கற அஞ்சுல ஒண்ணுக்கு நிக்கறேன்."

நின்றால் ஜெயிப்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் தோற்பார் என்பதும் தெரியும். குழுவில் தாடி என்று ஒருவர் இருந்தார். அவர் ஒரு வரி நிரல் எழுதியே வருஷக்கணக்காகிறது.

அன்று சாயங்காலமே தாடி நாத்தனாருக்குப் போன் போட்டார். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உங்க பக்கங்கள் இல்லேன்னா புதுசா யாரும் உள்ள வரவே மாட்டாங்கம்மா. அந்த நாற்காலி உங்களுக்குன்னே செஞ்சது."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. "ஆனா எங்க அண்ணி..."

"அவங்கதான் அதை உதறித் தள்ளிட்டாங்களே. பேச்சும் கொஞ்சம் முரடு, இல்லையா? வீட்ல எப்படி? யாரைப் பத்தியாவது ஏதாவது சொல்வாங்களா?"

சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார். அவளும் சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

குடும்பக் குரூப்பில் அண்ணி முன்பு ஒருமுறை ஒரு புதியவனைப் பற்றிப் புலம்பியிருந்தாள். "இவன் தலைக்குள்ள இருக்கறது மூளையா களிமண்ணா? இவனுக்கெல்லாம் யாரு கீபோர்டு வாங்கிக் குடுத்தது?" அதன் கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையைப் போட்டவள் நாத்தனார்தான். இப்போது அதைத் திரையிலேயே படம் பிடித்து, அந்தப் பொம்மை தெரியாதபடி நறுக்கிவிட்டு, உறுப்பினர்களின் நடத்தை பற்றிய புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு அனுப்பினாள்.

கத்தரிக்கு ஒரு வருஷம் தடை. அறிவிப்பில் படத்தையும் சேர்த்தே போட்டார்கள். அந்தப் புதியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சு இருந்ததே அவனுக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றே கணக்கை அழித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுவாரம் அண்ணியை அவள் அலுவலகத்தில் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த மொழியில் அவளுக்கு இருந்த பேருக்காகவே வேலை கொடுத்த மேலாளர், அதே பேரைச் சொல்லி வேலையை எடுத்துக்கொண்டார். வெளியே இருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்தார்கள். மத்தியானமே கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"குரூப்ல இருக்கறது மூணு பேர்" என்றாள் சாப்பாட்டு மேஜையில். "ஒண்ணு நான். இன்னொண்ணு என் புருஷன். அவருக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே தெரியாது."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்றோடு அண்ணி நாத்தனாரிடம் பேசுவதை நிறுத்தினாள். எதிரிலேயே அவள் நிற்கும்போதும், "உங்க தங்கச்சியைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க, வழி வேணும்" என்று அண்ணனிடம்தான் சொன்னாள்.

கத்தரிக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு வேறெந்தப் பெண்ணும் தேர்தலில் நிற்கவில்லை. நாத்தனார் போட்டியில்லாமல் ஜெயித்தாள். முதல் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டை உடுத்தி, வெளிச்சம் முகத்தில் விழும்படி மேஜையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

தாடி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். விளக்கப் பக்கங்களை இனி இயந்திரமே எழுதிவிடும். பழையதை எல்லாம் எடுத்துவிடலாம். வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அவள் மட்டும் தூக்கினாள்.

"கையை இறக்கிக்கம்மா" என்றார் தாடி. "ஆறாவது நாற்காலிக்கு ஓட்டு கிடையாது. ஆலோசனை மட்டும்தான். விதியைப் படிக்கலையா?"

"ஆலோசனை இருந்தா சொல்லுங்கம்மா, குறிப்புல சேர்த்துக்கலாம்" என்றார் பெரியப்பா.

அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"மியூட்ல இருக்கீங்க" என்றார் இன்னொருவர்.

அவள் மியூட்டில் இல்லை.

தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் முடிந்து சமையலறைக்கு வந்தாள். அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்; கூட்டத்துப் பேச்சு அங்கேவரை கேட்டிருந்தது. திரும்பாமலே கேட்டாள்: "கையைத் தூக்கினியா?"

இத்தனை நாள் கழித்து நேராகப் பேசியதில் நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தூக்கினேன் அண்ணி."

"கூட்டத்துக்கு முன்னாடி அந்த விதியோட வரைவு வந்தப்பவே படிச்சேன். ஒப்புக்குச் சப்பாணிதான் அந்த நாற்காலின்னு தெரிஞ்சுதான் வேண்டாம்னேன். உன்கிட்டயும் சொல்லிடலாம்னு அன்னைக்குச் சாயங்காலமே உன் அறைக்கு வந்தேன். நீ போன்ல இருந்த. என்னைப் பத்தித்தான் பேசிட்டிருந்த. முழுசையும் நின்னு கேட்டேன்."

"அப்பவே கதவைத் தட்டியிருக்கலாமே அண்ணி!"

"நீ அதை அனுப்பமாட்டேன்னு நினைச்சேன்."

நாத்தனார் அழுதாள். "புகாரை வாபஸ் வாங்கிடறேன் அண்ணி. இப்பவே எழுதறேன்."

"எழுது" என்றாள் அண்ணி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே. "யாரு படிக்கப்போறா? நீ எழுதறதைத்தான் இன்னைக்கு எல்லாருமா சேர்ந்து அழிச்சுட்டாங்களே."

வாபஸ் கடிதம் போனது. ஒருமுறை கொடுத்த புகார் குழுவுக்குச் சொந்தம் என்று தாடியிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது; கூடவே, குழுவின் முகப்புப் பக்கத்தில் போட அவள் சிரித்த மாதிரி ஒரு புகைப்படமும் கேட்டிருந்தார். அவள் நாலைந்து எடுத்துப் பார்த்து, நன்றாக வந்ததை அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமையும் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள்.