பலசாலிக்கு வந்த காய்ச்சல்

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலிருந்த செம்பனைத் தோட்டத்தில், குலை வெட்டுவதில் செல்வாவுக்கு ஈடாக யாரும் இல்லை. முப்பது வயது. மழையில் நனைந்தபடியே வேலை முடித்து வந்தாலும் தும்மக்கூட மாட்டான். காய்ச்சல் என்று அவன் படுத்து அவன் அம்மா இராஜம்மாவே பார்த்ததில்லை.

2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது அந்த வீட்டில் முதலில் விழுந்தவள் அவன் மனைவி குமுதா. ரவாங் டவுனில் அவள் வேலை செய்த தொழிற்சாலையில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். செல்வா வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் நெற்றிக்கு ஈரத்துணி போட்டான்.

"தள்ளி உக்காருங்க, ஒட்டிக்கும்" என்றாள்.

"எனக்கெல்லாம் ஒன்னும் வராதுலா."

குமுதா தேறி எழுந்தாள். அடுத்து இராஜம்மா இருமினாள். அது தானாகவே நின்றுவிட்டது. பிறகுதான் செல்வாவுக்கு வந்தது. காய்ச்சலோடேயே குலை வெட்டப் போனான். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளும் போனான். அன்று மரத்தடியில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவனை லோரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

தொண்டைக்குள் குழாய் செருகி, மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். வெளியே காத்திருந்த இரு பெண்களிடமும் டாக்டர் நித்தியா பேசினார்.

"கிருமி நெஞ்சுக்குள்ள ஆழமா இறங்கிருச்சும்மா. நுரையீரல் செல்லுக்குள்ள பூந்து பெருகுது. அதை அழிக்க உடம்பு சண்டை போடும். இவருக்கு அந்தச் சண்டை நிக்கவே இல்ல. கிருமியோட சேர்த்து சொந்த நுரையீரலையும் அடிக்குது. உள்ள தண்ணி கோத்துக்கிச்சு."

"எனக்கு அறுபது தாண்டிருச்சு. சீனி வியாதி வேற" என்றாள் இராஜம்மா. "என்னை விட்டுட்டு அவனையா புடிக்கணும்?"

"வயசானவங்க இதே மாதிரி கிருமியைச் சின்ன வயசுல பார்த்திருக்கலாம். உடம்பு அதை ஞாபகம் வெச்சிருக்கும். இந்தத் தடவை இளவயசுக்காரங்கதான் நிறைய பேர் இப்படி வர்றாங்க."

"அவர் பலமான ஆள் டாக்டர்" என்றாள் குமுதா.

"தெரியுது. யாருக்கு இப்படித் திரும்பும்னு எங்களாலயும் முன்கூட்டியே சொல்ல முடியல."

அந்த வாரமே செல்வா இறந்தான். உடலை மூடிக் கட்டியே கொடுத்தார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் பயந்துபோய்த் தூரத்தில் நின்றார்கள். இராஜம்மாவால் மகன் முகத்தைத் தொட முடியவில்லை.

கருமாதிக்குக் கூடிய சொந்தக்காரர்கள் முன்னால்தான் இராஜம்மா வாயைத் திறந்தாள். "வேலை வேலைன்னு ரவாங்குக்கு ஓடி, எமனைக் கூட்டியாந்தா."

குமுதா டாக்டர் சொன்னதைத் தனக்கு விளங்கிய அளவில் சொல்லிப் பார்த்தாள். கிருமி எல்லாருக்கும்தான் வந்தது, அவர் உடம்பே அவரை அடித்துவிட்டது என்றாள். தன் வாயால் சொல்லும்போது அவளுக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது.

இராஜம்மாவின் தம்பி செல்லையா குறுக்கிட்டார். "அவன் உடம்பு மேலேயே பழியைப் போடுறியா? காய்ச்சல் யார்கிட்டருந்து வந்துச்சு? அதைச் சொல்லு."

குமுதா எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள்.

"என்கிட்டருந்துதான்."

"அப்புறம் என்ன பேச்சு."

பந்தியில் இலை போட்டார்கள். அவளைச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் உஷாராணி அவளுக்கு ரவாங்கில் தன் அறையில் இடம் கொடுத்தாள். துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு, குமுதா வாசலில் நின்றாள்.

"மாசாமாசம் வந்து பார்க்குறேன் அத்தே."

"எதுக்கு?" என்றாள் இராஜம்மா.

குமுதா பையைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.