உள்ளே குடியிருந்தவன்

விடிவதற்குள் ஷம்ஷாத்தின் கைகள் முழங்கை வரை கொழகொழத்துப் போயிருந்தன. அடையாற்று முகத்துவாரத்து மீன் கொட்டகையில் அந்தக் கையை நாய்கூட நக்காது. ஒரு நாய் நக்கிப் பார்த்தது. அதற்குப் பிறகு அது சைவம்.

ஆழ்கடல் மீனை அறுத்து, குடலை வழித்து, உப்புத் திணிக்கிற வேலை. தொளதொளத்த மீனை மட்டும் அறுக்காமல் ஓரக்கூடையில் போட வேண்டும். முதலாளி சுயம்புலிங்கத்தின் உத்தரவு. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

பாதிக் கூலி மீனாகத்தான் வரும். முன்பெல்லாம் அறுக்கிற பெண்களே பொறுக்கிக்கொள்வார்கள். இப்போது அவரே ஓலையில் சுற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் ஷம்ஷாத் அதை வீட்டில் அறுத்தாள். உள்ளே சதையே இல்லை, நாறும் கூழ்தான். அதற்குள்ளிருந்து மழுங்கிய மூக்கோடு ஒரு விலாங்கு எட்டிப் பார்த்தது. ஆழத்து விலாங்கு அப்படித்தான்: உள்ளே புகுந்து தின்றுவிட்டு, தோலை வீடாக வைத்துக்கொள்ளும். செத்ததுதான், ஆனாலும் வீட்டைக் காலி செய்கிற உத்தேசம் அதன் முகத்தில் தெரியவில்லை. பிள்ளைகள் வெறும் கஞ்சி குடித்தார்கள்.

அதைக் கொட்ட வெட்கத்தோடு சாக்கடைக்குப் போனாள். அங்கே பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம், அவளும் அதே கொட்டகையில் அறுப்பவள், கையைப் பின்னால் மறைத்தபடி.

"இன்னாக்கா இங்க?" என்றாள் ஷம்ஷாத்.

"சும்மா. நீ?"

"நானும் சும்மாதான்."

இரண்டு சும்மாவும் ஒரே நாற்றம் நாறின.

மறுநாள் விடியலில் யாரும் கத்தியைத் தொடவில்லை. ஓரக்கூடையைத் தூக்கி வந்து முதலாளியின் மேசைமேல் கவிழ்த்தார்கள். மேசை தானாக ஓரடி பின்வாங்கியது.

"ஏட்டி, இதுல என்ன குறை? மீனுக்குள்ள மீனு! ஒண்ணுக்கு ரெண்டால்லா தாரேன்!"

"அப்ப நீயே ஒண்ணு துன்னு காட்டு, அண்ணாச்சி," என்றாள் ஷம்ஷாத்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வெளிய போங்க! எனக்கு ஆளா கிடைக்காது?"

"போமாட்டோம். முழுக் கூலியும் காசாக் குடு."

பெண்கள் வாசலை அடைத்து, கையோடு கை கோத்து உட்கார்ந்தார்கள். லாரி வந்து நின்றது.

"எங்க எறக்கறது?" என்றார் டிரைவர் மெஹபூப் பாஷா.

"எறக்காத, நைனா."

"எறக்குல!" என்று கத்தினார் முதலாளி.

பாஷா மேசையைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். ஐஸ் உருகிச் சொட்டத் தொடங்கியது. இறங்கி வந்து ஷம்ஷாத்தின் காதோரம் குனிந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடுத்தான்மா. வூட்ல சொல்லல."

அவள் நகர்ந்து இடம் விட்டு, கொழகொழத்த கையை நீட்டினாள். பாஷா முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே இறுகப் பிடித்தார்.