ஹலீமா சொல்லிவிட்ட ஒரு வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கட்டுரையாகப் பிறந்தது. சிங்கப்பூரில், கிளமெண்டியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியப் பண்டிதர்கள் மனிதனைப் பற்றிப் போட்ட சண்டைதான் தலைப்பு; நானே கேட்டு வாங்கிய வம்பு. ஒரு கட்சி, மனிதன் அழுதுகொண்டே பிறந்து அழுகிப்போகிறவன் என்று உறுப்பு உறுப்பாக எண்ணிக் காட்டியது. எதிர்க்கட்சி அதே உறுப்புகளை எடுத்து, இந்தக் கையைப் பார், கண்ணைப் பார் என்று கொண்டாடியது. இரண்டு கட்சியும் எனக்குப் பிடிக்கும். என்ன பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள்!

2

தொடக்கம்: "மனிதன் என்பவன்..." (சீ, பள்ளிக்கூடக் கட்டுரை.)

மறுபடி: "ஹலீமாவின் கைகள்..."

இது நிற்கும். புக்கிட் மேராவில் ஹலீமா என் பக்கத்து வீடு. முஸ்லிம் பெண்கள் யாராவது இறந்தால் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். படுக்கைப் புண்ணோ நாற்றமோ, முகம் சுளித்ததில்லை. பண்டிதர்களின் இரண்டு கட்சியும் அவள் கையில் சமாதானமாகிவிட்டன என்று எழுதி, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

3

போன மாதம் எங்கள் அடுக்குமாடி ப்ளாக்கில் ஓர் அம்மாள் இறந்தார். ருக்ஸானா என்று வைத்துக்கொள்வோம். குளிப்பாட்டிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்த ஹலீமா உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு, அந்த உடம்பில் கண்டதைச் சொல்லிவிட்டாள். ஒரே வரி. இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

[அந்த வரி இங்கே இருந்தது.]

கதைக்கு உயிரே அதுதான். எழுதி, அவளுக்குப் படித்தும் காட்டினேன்.

"சரசு, இத எடுத்துடு."

"பேர மாத்திட்டேனே!"

"மாத்தினா? போன மாசம் நம்ம ப்ளாக்ல எத்தன மவுத்து? ஒண்ணுதான்லா. அவங்க மக வேற உன் பேச்சு கேக்க வர்றா. குளிப்பாட்டுறவ பாத்தத வெளிய சொல்லக் கூடாது. நான் சொன்னதே பெரிய தப்பு. நீ அத எழுதினா, அடுத்த மவுத்து வீட்டுக்கு எந்த முகத்தோட போவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அவள் சொன்னது சரி என்பதால்.

4

எடுத்துவிட்டேன். கதை பல்லுப்போன வாய்போல ஆனது. அதையே கொண்டுபோய்ப் பேசினேன்.

கூட்டம் முடிந்ததும் மகள் வந்தாள். "ஆன்ட்டி, அம்மாவ குளிப்பாட்டினப்ப நான் உள்ள போகல. தைரியம் இல்ல. ஹலீமா ஆன்ட்டி ஏதாச்சும் சொன்னாங்களா?"

நாக்கு நுனியில் அந்த வரி.

"முடிய சிக்கெடுத்து மூணு பின்னல் போட்டு விட்டாங்களாம், மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஐயா பண்டிதர்களே, உங்கள் பட்டியலில் இது உண்டா?

5

ஒரு வாக்குமூலம். புக்கிட் மேரா, கிளமெண்டி, போன மாதம், ஹலீமா என்ற பெயர், எல்லாமே நான் மாற்றியவை. மகளிடம் பேசியதும் வேறெங்கோ, வேறு விதமாக. பின்னலை மட்டும் மாற்றவில்லை. அது குளிப்பாட்டும்போது எந்தப் பெண்ணுக்கும் போடுவது; யாரையும் காட்டிக்கொடுக்காது.

முடிவு அந்த அடைப்புக்குறிக்குள் இருந்தது. நீங்கள் எதையாவது ஊகித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்பவள் அந்த மகளாக இருக்கலாம்.